பொலிஸ் வேலைப் படிவம்: எதை எழுதுவது, எதைக் கேட்டுவிட்டு எழுதுவது

தங்கச்சியின் மகன் பொலிஸ் வேலைக்கான பின்புல விசாரணைப் படிவத்தோடு விறாந்தையில் இருந்தான். 'இதுவரை வசித்த முகவரிகள்' என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. "மாமா, மெனிக்பாமையும் எழுதோணுமோ?" மெனிக்பாம் என்பது போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா முகாம், 2009-இல் அவனுக்கு ஐந்து வயது. வலய இலக்கம் அவனுக்கு ஞாபகமில்லை, குசினிக்குள் இருந்து தங்கச்சி யோசிக்காமலே சொன்னாள்.

எழுது என்றேன். முகாமில் இருந்தது குற்றமில்லை, ஆனால் மறைத்தால் பத்து வருடம் கழித்துக் கோப்பைப் புரட்டுகிறவர் ஏன் மறைத்தாய் என்றுதான் கேட்பார், வேலையும் போகலாம். பொய் எழுதாதீர்கள். பதில் எழுதாமல் விட்டு ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்பது பொய் இல்லை.

முதலில் வெற்றுப் படிவத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து அதில் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி, அதிலும் வடக்கில் நிர்வாக மொழியே அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொன்ன அர்த்தத்தை நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

படிப்பு, வழக்கு, கடன் எல்லாம் பொலிஸ் வேலைக்குக் கேட்பார்கள், சரி. வீட்டில் யார் எந்தக் கட்சி, பேஸ்புக் பாஸ்வேர்ட் என்ன என்று வந்தால் நிறுத்துங்கள். ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவின் தொலைபேசி இலக்கம் உங்களுடையது இல்லை, அவருடையது. உறவையும் நாட்டையும் எழுதிவிட்டு, மிச்சம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் குடும்பத்தில் இருந்தால் இன்னும் கவனம். சிக்கல் வேண்டாம் என்று 'இறந்துவிட்டார்' என எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காணாமற்போனோர் அலுவலகத்தில் அம்மா கொடுத்த முறைப்பாட்டுக்கு நேர் எதிராக உங்கள் கையெழுத்தே நிற்கும்.

சட்டம்? நம் இலங்கை அரசியலமைப்பில் அந்தரங்கத்துக்கென்று தனி அடிப்படை உரிமை இல்லை. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், அரசியல் கருத்து, மதம், உடல்நலம் போன்றவற்றைத் தனி வகையாக வைக்கிறது, ஆனால் தேசிய பாதுகாப்புக்கு விதிவிலக்கு இருப்பதால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. எனக்குக் கைகொடுக்கும் என்று தோன்றுவது 2016-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இந்தக் கேள்வி எந்தச் சுற்றறிக்கைப்படி கேட்கப்பட்டது, என்னைப் பற்றி என்ன பதிந்திருக்கிறீர்கள் என்று தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மொழி, இனம், அரசியல் கருத்துக்காக ஒதுக்கிவிட்டார்கள் என்றால் அரசியலமைப்பின் 12-ஆம் உறுப்புரை இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரே ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அதில் கணக்கில் சேராது.

வீட்டுக்கு விசாரிக்க வந்தாலும் இதேதான். தேத்தண்ணி கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், படலையைச் சாத்தியதும் யார் வந்தார், என்ன கேட்டார் என்று திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.