பெரிய நாயோடு வெளியூர் கிளம்புவதற்கு முன்னால்: கொங்குப் பக்கம் நாம் செய்யும் தவறுகள்

வால்பாறையிலோ ஏற்காட்டிலோ ஒரு ஹோம்ஸ்டேக்கு போன் போட்டு "நாய் கூட்டிட்டு வரலாமுங்களா?" என்று கேட்கிறோம். "வாங்க வாங்க" என்கிறார்கள். உடனே அட்வான்ஸ் போட்டுவிடுகிறோம். அவர்கள் மனதில் இருப்பது ஷிட்சூவோ பொமரேனியனோ, நாம் வண்டியிலிருந்து இறக்குவது 50 கிலோ ராட்வைலர். வாசலிலேயே ஓனர் முகம் மாறும், அப்புறம் "பின்னாடி ஷெட்ல கட்டிக்கோங்க" என்ற பேச்சு வரும். சிறுத்தை நடமாடும் ஊரில் ராத்திரி நாயை வெளியே கட்டுவது என்றால் என்ன அர்த்தம் என்று வால்பாறைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

போனில் இனம், எடை, ஆணா பெண்ணா எல்லாம் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு ஆள் பக்கத்தில் நிற்கும் போட்டோவையும் அனுப்பிவிடுங்கள். ராத்திரி எங்கே படுக்கும், அங்கே ஏற்கெனவே நாய் இருக்கிறதா, சுற்றுச்சுவரா வெறும் கம்பி வேலியா என்பதையும் கேளுங்கள். தரை வழவழ டைல்ஸ் என்றால் ஒரு பழைய ஜமுக்காளம் எடுத்துப் போங்கள். இடுப்பு மூட்டு வலி உள்ள ஜெர்மன் ஷெப்பர்டு வழுக்கிக் காலை அகட்டினால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்தது.

காடு என்றால் நாய்க்குக் கொண்டாட்டம் என்று நினைப்பது அடுத்த தப்பு. டாப்ஸ்லிப் மாதிரி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடங்களுக்கு வளர்ப்பு நாயைக் கொண்டுபோக முடியாது, செக்போஸ்ட்டில் வாக்குவாதம் செய்து பயனில்லை. இது வெறும் கெடுபிடி இல்லை. நாயிடமிருந்து டிஸ்டெம்பர் மாதிரி நோய்கள் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் புலிக்கும் போகும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது பரிசோதனையில் சிக்கியது அந்த வைரஸ்தான். காப்பகத்துக்கு வெளியே, தடாகம், ஆனைகட்டி, நரசீபுரம் அடிவாரத்தில் இன்னொரு சிக்கல் யானை. கழற்றி விட்ட நாய் யானையைப் பார்த்துக் குரைக்கும், யானை துரத்தும், நாய் நேராக ஓடி வந்து நிற்கும் இடம் நம் கால். அதோடு மலையடிவாரத் தோட்ட ஓரங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் கிடக்கலாம். தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி அது, நாய் கவ்விக் கடித்தால் தாடை போய்விடும். இந்தப் பக்கமெல்லாம் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும், தரையில் கிடப்பதை எடுக்கவே விடக்கூடாது.

"காடு வேண்டாம், மாமா தோட்டத்துக்குப் போனால் நல்லா ஓடட்டும்" என்பீர்கள். பெரும்பாலான வினை நடப்பது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பக்கம் கொறங்காடு எனும் வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களில் மேயும் செம்மறிகளையும் பட்டியில் அடைத்த ஆடுகளையும் தெருநாய்கள் கடித்துக் கொன்று, இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட்டமே நடத்திய ஊர்கள் இவை. கிளுவை வேலி உங்கள் லாப்ரடாருக்கு ஒரு தடையே இல்லை. அது விளையாட்டுக்குத்தான் துரத்தும், ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது ஆட்டுக்குப் பின்னால் ஓடும் ஒரு பெரிய நாய், அவர் தடியைத் தூக்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. நாட்டு நாய் வேறு சாளை (தோட்டத்து வீடு) வாசலில் இருக்கும், விருந்தாளி நாயை அது சும்மா விடாது. அப்புறம் மயில். நம் ஊரில் மயில் கோழி மாதிரி திரிகிறதே என்று அசால்ட்டாக இருக்காதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. நாய் பிடித்துவிட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஓடவும் ஓடும், கையிலும் இருக்கும்.

தண்ணீர் கண்டால் இறக்கி விடுவதும் அங்கேதான் நடக்கும். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் கரை கான்கிரீட் சரிவு, தண்ணீர் போகும் வேகத்தில் உள்ளே இறங்கிய நாய் பாசியில் நகம் பிடிக்காமல் மேலே வர முடியாது, 35 கிலோ நனைந்த நாயை நீங்கள் குனிந்து தூக்கவும் முடியாது. நாயைக் காப்பாற்றக் குதித்த ஆளும் சேர்ந்து போவது இப்படித்தான். திருப்பூரைத் தாண்டிய நொய்யலில் சாயக்கழிவு, அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. தேங்கிய குட்டையில் பச்சையாக ஏடு படிந்திருந்தால் அதையும் குடிக்க விடாதீர்கள். லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் புத்தகத்தைப் பாருங்கள்.

வெயிலுக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பழகிய கோயமுத்தூர்க்காரர் ஏப்ரலில் கரூருக்கோ ஈரோட்டுக்கோ நாயோடு போய், மதியம் பன்னிரண்டு மணிக்கு "கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று இறக்குவார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இளைப்புதான் அதற்கு விசிறி. உடம்பு பெரிதாக இருந்தால் சூடு இறங்கவும் நேரமாகும். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயும் நடக்க வேண்டாம். "ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று காருக்குள் விட்டுப் போகவே கூடாது, பத்து நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும். வாயைக் கட்டும் துணி முகமூடி வெயிலில் ஆபத்து, வாயைத் திறந்து இளைக்க இடம் விடும் கூடை வகைதான் சரி. கோடை வந்தால் ஹஸ்கிக்கும் கோல்டனுக்கும் மொட்டை அடித்து விடுகிறார்களே, அதையும் நிறுத்துங்கள். அந்த இரட்டை முடி வெயிலைத் தடுக்கவும் செய்கிறது, உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுத்தாலே போதும். நாய் தள்ளாடி, ஈறு கடுஞ்சிவப்பாகி, எச்சில் நூலாக வடிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, காற்று படும்படி வைத்து, உடனே டாக்டரிடம் வண்டியை விடுங்கள்.

வயிறு முட்டச் சாப்பாடு போட்டுக் கூட்டிப் போவது நம் பாசத்தின் கோளாறு. மார்பு ஆழமான பெரிய இனங்களுக்கு, கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு, ஜெர்மன் ஷெப்பர்டுக்கெல்லாம், வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பிட்ட கையோடு ஓட விட வேண்டாம், ஒரே தட்டாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல், வயிறு தம்மென்று இருந்து, படுக்கவும் முடியாமல் தவித்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. இதற்கு ஆபரேஷன்தான் வழி, எல்லா கிளினிக்கிலும் அது நடக்காது, போகிற ஊரில் யார் செய்வார்கள் என்று கிளம்பும் முன்பே விசாரித்து நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது இந்த நேரத்தில் ஞாபகம் இருக்க வேண்டிய விஷயம்.

ஊருக்குள் நடக்கும்போது "எங்க பையன் ஒண்ணும் பண்ண மாட்டான்" என்ற வசனம் வேண்டவே வேண்டாம். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்ததிலிருந்து பெரிய நாய் என்றாலே ஜனங்களுக்குப் பயம், அதில் தப்பும் இல்லை. விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலைக் கூட்டத்தில் பத்து வயதுப் பையன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு போன் பார்க்கும் அப்பாக்களை என்ன சொல்வது! இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறும் இந்த எடைக்கு ஆகாது.

கல்யாணம், காதுகுத்து என்று நாயை விட்டுப் போகும்போது போர்டிங்கை போட்டோ பார்த்து முடிவு செய்கிறார்கள். நேரில் போய்க் கூண்டுக்குள் உங்கள் நாய் நின்று திரும்ப முடியுமா என்று பாருங்கள். மற்ற நாய்களின் தடுப்பூசி அட்டையை அவர்கள் கேட்கிறார்களா என்பதைக் கவனியுங்கள், கேட்காத இடம் வேண்டாம். முதல் தடவையே ஒரு வாரம் விடாமல் ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வரும் குரூமிங் வேன் என்றால் எத்தனை பேர் வருவார்கள், மேஜை எவ்வளவு எடை தாங்கும் என்பதுதான் கேள்வி, ரேட் அப்புறம்.

ரயிலில் போவதானால் ஒரு விஷயம். ஏசி இரண்டாம், மூன்றாம் வகுப்பு, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாய்க்கு அனுமதி இல்லை, அதனால் கோவை எக்ஸ்பிரஸ் பெட்டியில் கூட உட்கார வைக்கலாம் என்ற கனவு வேண்டாம். முதல் வகுப்பில் கூபே அல்லது கேபின் முழுவதையும் எடுத்தால்தான் உங்களோடு வரும், அது கிடைத்ததா என்பதும் சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். இல்லையென்றால் பார்சல் ஆபீசில் பதிவு செய்து கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டியில் ஏற்ற வேண்டும், 60 கிலோ கிரேட் டேனை அதில் மடக்கி உட்கார வைத்துச் சென்னை வரை அனுப்புவதற்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழல் பார்த்து நிறுத்திப் போவது எவ்வளவோ மேல்.