மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையும் திறனும்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் வாட்டில் கிடைக்கும். அளவு மில்லிஆம்பியரில் இருந்தால் முதலில் 1000 ஆல் வகுத்து ஆம்பியராக்கிக்கொள்ள வேண்டும்.

230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் பார்ப்போம். 230 ÷ 4.35 என்பது ஏறத்தாழ 52.9 ஓம், 230 × 4.35 என்பது ஏறத்தாழ 1000 வாட். மின்னோட்டத்தை, கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் அளக்கும்போது ஒரே ஒரு கம்பியை மட்டும் அதன் வளையத்துக்குள் விட வேண்டும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்திருந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் மீட்டர் சுழியமே காட்டும்.

மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால் பழைய 4.35 ஆம்பியரையே வைத்துப் பெருக்கக் கூடாது, ஏனெனில் தடை மாறாதபோது மின்னோட்டமும் 3.78 ஆம்பியராகக் குறைந்து, திறன் 756 வாட்டுக்கு வந்துவிடும். மின்னழுத்தத்தில் 13 விழுக்காட்டுக் குறைவு, திறனில் 24 விழுக்காட்டுக் குறைவாகிறது என்பதை அவசியம் கவனிக்க வேண்டும்.

இழை பல்புக்கு இந்தக் கணக்கு எரியும் நிலையில் மட்டுமே பொருந்தும்: 60 வாட் பல்பின் தடை எரியும்போது சுமார் 880 ஓம், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்விசிறி போன்ற மோட்டார்களுக்குப் பெருக்கல் விடையைத் திறன் காரணியாலும் (power factor: பெருக்கல் விடையில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்பதைக் காட்டும், 1-ஐ மிஞ்சாத எண்) பெருக்க வேண்டும்.