மாதவிடாய் நின்ற பிறகு: ஹார்மோன் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, திடீரென்று ஒரு நாள் துணியில் சின்னக் கறை தெரிகிறது. "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊற வைத்துக் குடிப்பவர்கள் உண்டு. யாரிடமும் சொல்லாமல் துணியை அலசிப் போட்டுவிடுபவர்களும் உண்டு. என் பெரியம்மா அப்படித்தான் எட்டு மாதம் ஓட்டினார். கடைசியில் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்லவேளை, ஆரம்பக் கட்டம். அறுவை சிகிச்சையோடு முடிந்தது. அதனால்தான் ஹார்மோன் பேச்சுக்கு முன்னால் இதைச் சொல்கிறேன். கடைசி மாதவிடாய் முடிந்து 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்குச் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் அந்தப் பத்தாவது ஆள் யார் என்பது பரிசோதித்தால்தான் தெரியும். பெரும்பாலும் முதலில் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

மாதவிடாய் நிற்கும்போது வரும் வியர்வை, படபடப்புக்கு டாக்டர்கள் ஹார்மோன் மாத்திரை தருவார்கள். அது என்றாலே புற்றுநோய்தான் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது 2002 ஜூலையில். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் வகை என்ற இரண்டு பெண் ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையை வைத்து அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வை, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். 26 சதவீதம் அதிகம் என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள்: 10,000 பெண்களில் ஆண்டுக்கு 30 பேருக்கு வந்துகொண்டிருந்தது, 38 பேருக்கு வந்தது. அந்த எட்டுப் பேரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. ராத்திரி மூன்று மணிக்கு ஜாக்கெட் நனைய வியர்த்து எழுந்து உட்காரும் 48 வயதுக்காரி அதில் இல்லவே இல்லை, ஏனென்றால் 50 முதல் 79 வயது வரை உள்ளவர்களைத்தான் சேர்த்தார்கள். கர்ப்பப்பை எடுத்து, ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்ட பெண்களைத் தனியாகப் பார்த்தபோது மார்பகப் புற்றுநோய் கூடவும் இல்லை, பக்கவாதம்தான் கூடியது.

இன்று டாக்டர்கள் பார்ப்பது வயதையும் காலத்தையும்தான். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் தொடங்கினால், கடுமையான அவதி உள்ள பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. ரத்தக்கட்டு பயம் இருப்பவர்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல் நல்லது. பயத்தால் மறுப்பதும் வேண்டாம், இதயத்தைக் காக்கும் என்று நம்பிச் சாப்பிடுவதும் வேண்டாம். அதற்கான மருந்து இது இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரை அட்டையைப் பார்த்து மெடிக்கலில் அதையே கேட்டு வாங்குவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. அந்த அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கலாம். அவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை இருப்பவர் அதை மட்டும் சாப்பிட்டால் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோய்வரை போகலாம். அப்படித் தடிக்காமல் தடுக்கக் கூடவே புரோஜெஸ்டிரோன் அவசியம். கோயில் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்குகிறோமே, அந்த மாத்திரையை இந்தச் சிகிச்சைக்குப் பதிலாக நினைத்துவிட வேண்டாம்.

நம் ஊரில் இன்னொன்று. 35, 38 வயதிலேயே "குழந்தைதான் பெத்தாச்சே" என்று கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. சினைப்பைகள் இரண்டையும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிந்துவிடுகிறது. அந்த வயதில் ஹார்மோன் இல்லாமல் விடுவதுதான் ஆபத்து. எலும்பும் இதயமும் சீக்கிரமே கெடும். புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரை, அதாவது ஏறக்குறைய 50 வரை, இவர்கள் ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் வழக்கம். 2002 ஆய்வின் பயத்தை இவர்கள் தலையில் ஏற்றுவது அநியாயம். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, எதை எடுத்தார்கள் என்று படிக்கச் சொல்லுங்கள்.

எலும்புக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. வெயில், கேழ்வரகு, தினமும் நடை, கொஞ்சம் பளு தூக்குவது எல்லாம் சேர்ந்தால்தான் பலன். மாடிப்படியில் மூச்சு வாங்கினாலோ தாடை, முதுகு வலித்தாலோ வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். மாரடைப்பாகவும் இருக்கலாம், உடனே ஈசிஜி எடுங்கள்.

கடைசியாக, யாரும் வாய் திறக்காத ஒன்று. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. நாலாவது தடவை ஆன்டிபயாடிக் சாப்பிடும் எத்தனையோ பேருக்கு அடிப்படைக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவு. வியர்வை, படபடப்பு காலப்போக்கில் தணியும். இது தானாகத் தணியாது. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. பொதுவாக இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலப்பதால், மாத்திரைக்குச் சொல்லும் பயங்கள் இதற்கு அப்படியே பொருந்தாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வையுங்கள்.