தெனேர்: ஒரே ஸ்பானிஷ் வினை, ஐந்து பகுதிகள்

'வா' என்கிற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறேன், வந்தேன், வருவேன், வாருங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாத இந்த வடிவங்களை நாம் யாரும் அட்டவணை போட்டுப் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதும்போதுதான் 'வந்தான்' என்பதைப் பிரித்து, பகுதி 'வா', அது 'வ' எனக் குறுகியது விகாரம் என்று மதிப்பெண்ணுக்காக எழுதினோம். அந்தப் பழக்கம் ஸ்பானிஷ் படிக்கும்போது இவ்வளவு கைகொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஸ்பானிஷில் முதல் மாதத்திலேயே எதிரே வந்து நிற்கிற ஒழுங்கற்ற வினை 'தெனேர்'. கையில் வைத்திருப்பது, உடையதாக இருப்பது என்று பொருள். ஏழு காலங்களுக்கு ஆறு வீதம் 42 வடிவங்கள். நான் முதலில் அத்தனையையும் நோட்டில் கட்டம் கட்டமாக எழுதி மனப்பாடம் செய்தேன். ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பித்துவிடுவேன், ஆனால் பேசும்போது வேண்டிய ஒரு சொல் மட்டும் வராது. பிறகுதான் அதைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பார்த்தேன். பகுதிகள் மொத்தமே ஐந்து, மற்றதெல்லாம் விகுதிதான். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: எப்படி வாசிப்பது

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நெடில் எங்கே இருக்கிறதோ அங்கே அழுத்தம், நெடிலே இல்லாத சொல்லில் முதல் அசையில் அழுத்தம். இது நானே வைத்துக்கொண்ட கணக்கு. 'வ' வரும் இடத்தில் பல்லை உதட்டில் வைக்காமல் இரண்டு உதடுகளும் லேசாக நெருங்கட்டும், 'கோபம்' என்பதில் வரும் 'ப' மாதிரி. 'த' நம் 'த'வேதான், நாக்கு பல்லைத் தொடும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த ஓர் எழுத்துக்கே படாத பாடு படுவார்கள், நமக்கு அந்த வேலை இல்லை.

படி 1: 'எனக்கு' என்பதை 'நான்' ஆக்குங்கள்

வடிவங்களுக்குள் போவதற்கு முன்னால் இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தமிழ் பேசுகிறவர்கள் தெனேரில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். தமிழில் இந்தப் பொருளுக்கு நேரான ஒரே வினை கிடையாது. எனக்குப் பசிக்கிறது, எனக்கு முப்பது வயசு, எனக்குக் காய்ச்சல், எனக்கு நேரம் இல்லை என்று எல்லாவற்றையும் 'எனக்கு' என்று சொல்லித்தான் தொடங்குகிறோம். ஸ்பானிஷில் அந்த 'எனக்கு' எல்லாம் 'நான்' ஆகிவிடும், பசி, வயசு, காய்ச்சல், நேரம் எல்லாம் நான் வைத்திருக்கிற பொருள்களாகிவிடும்.

தெங்கொ ஆம்ப்ரெ. நான் பசி வைத்திருக்கிறேன், அதாவது எனக்குப் பசிக்கிறது.
தெங்கொ த்ரெய்ன்த்த ஆன்யொஸ். எனக்கு முப்பது வயசு.
தெங்கொ ஃபியேப்ரெ. எனக்குக் காய்ச்சல்.

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷுக்குப் போகிறவர்கள் பசிக்கும் வயசுக்கும் 'இருக்கிறேன்' என்கிற வினையைப் போட்டுவிடுகிறார்கள், அது தவறு. தமிழில் இருந்து நேராகப் போங்கள். 'எனக்கு' என்று வாயில் வந்தால் முதலில் தெனேர் பொருந்துமா என்று பாருங்கள். எல்லா 'எனக்கு'க்கும் பொருந்தாது, 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு வேறு வினை இருக்கிறது. ஆனால் பசி, தாகம், குளிர், தூக்கம், பயம், அவசரம், வயசு, நோய், சொந்தபந்தம், சொத்து எல்லாவற்றுக்கும் தெனேர்தான்.

படி 2: நிகழ்காலம், மூன்று பகுதிகள்

யோ (நான்): தெங்கொ
தூ (நீ): தியேனெஸ்
எல், எய்ய, உஸ்தேத் (அவன், அவள், நீங்கள்): தியேனெ
நொஸோத்ரொஸ் (நாம், நாங்கள்): தெனேமொஸ்
வொஸோத்ரொஸ் (நீங்கள், பலர்): தெனேய்ஸ்
எய்யொஸ், உஸ்தேதெஸ் (அவர்கள், நீங்கள் பலர்): தியேனென்

'தெங்கொ' மறக்கவே மறக்காது, தென்னைக்குத் தமிழில் 'தெங்கு' என்று ஒரு பெயர் இருக்கிறதல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 'தியேன்'. அழுத்தம் பகுதியின் மேல் விழும்போது 'தெ' விரிந்து 'தியே' ஆகிறது. அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டால் (தெனேமொஸ், தெனேய்ஸ்) பகுதி பழையபடி 'தென்' என்றே நிற்கிறது. அழுத்தம் எங்கே என்று காது கண்டுபிடித்துவிட்டால் எது எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை.

'உஸ்தேத்' என்பது மரியாதை 'நீங்கள்'. அதற்கு ஏன் 'அவர்' வடிவம் வருகிறது என்று குழம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் 'உங்கள் கருணை' என்று படர்க்கையில் விளித்த தொடர் தேய்ந்து உண்டான சொல் அது, அதனால் வினையும் படர்க்கையிலேயே தங்கிவிட்டது. 'வொஸோத்ரொஸ்' ஸ்பெயினில்தான் புழங்குகிறது. மெக்சிகோவோ கொலம்பியாவோ உங்கள் இலக்கு என்றால் அந்த வரிசையைப் பார்த்தால் புரிகிற அளவுக்கு வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு 'வொஸ்' என்பார்கள், அதற்கு 'தெனேஸ்' வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். யோ, தூ எல்லாம் பெரும்பாலும் வாக்கியத்தில் வராது. 'வந்தேன்' என்றாலே நான் என்று தெரிகிற மாதிரி 'தெங்கொ' என்றாலே நான்தான்.

படி 3: இரண்டு இறந்தகாலங்கள்

இங்கே நிதானமாக உட்காருங்கள்.

ஒன்று இம்பெர்ஃபேக்தொ. தெனீய, தெனீயஸ், தெனீய, தெனீயமொஸ், தெனீயய்ஸ், தெனீயன். பகுதி 'தென்', முழுக்க ஒழுங்கானது. ஸ்பானிஷ் மொழி முழுவதிலும் இந்தக் காலத்தில் ஒழுங்கு தவறுகிற வினைகள் செர் (இருத்தல்), இர் (போதல்), வேர் (பார்த்தல்) என்ற மூன்றும்தான்.

இன்னொன்று ப்ரெத்தேரித்தொ. இதில் பகுதியே மாறி 'துவ்' ஆகிவிடும்.

தூவெ, துவீஸ்தெ, தூவொ, துவீமொஸ், துவீஸ்தெய்ஸ், துவியேரொன்.

முதல் வடிவத்தையும் மூன்றாவதையும் கவனியுங்கள். ஒழுங்கான வினைகளில் 'கொமீ' (சாப்பிட்டேன்), 'கொமியோ' (சாப்பிட்டான்) என்று அழுத்தம் கடைசியில் விழும். தூவெ, தூவொ இரண்டிலும் அழுத்தம் முன்னால் வந்துவிடுகிறது, ஸ்பானிஷில் எழுதும்போது உயிரெழுத்தின் மேல் போடுகிற அழுத்தக் கோடும் கிடையாது. இதே விகுதிகள் 'எஸ்தார்' (இருத்தல்) என்ற வினைக்கும் (எஸ்தூவெ) 'அந்தார்' (நடத்தல்) என்ற வினைக்கும் (அந்தூவெ) அப்படியே பொருந்தும், ஒரு முறை படித்தால் மூன்று வினை கைக்கு வரும்.

வடிவத்தை விட, எதை எப்போது போடுவது என்பதுதான் பெரிய விஷயம். மெக்சிகோக்காரப் பெண்மணி ஒருவரோடு வாரம் ஒரு நாள் வீடியோவில் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை 'அயேர் தெனீய ஃபியேப்ரெ' என்று சொல்லி நிறுத்தினேன். நேற்று எனக்குக் காய்ச்சல் வந்தது என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்து, 'இ?' என்றார். ஸ்பானிஷில் 'இ' என்றால் 'உம்', அந்த இடத்தில் 'அப்புறம்?' என்று அர்த்தம். 'நேற்று எனக்குக் காய்ச்சலாக இருந்தது' என்று பாதியில் விட்ட மாதிரி அவர் காதில் விழுந்திருக்கிறது, அந்தச் சமயத்தில் என்ன நடந்தது என்று சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது: அயேர் தூவெ ஃபியேப்ரெ. வந்தது, முடிந்தது.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்ட வழி இது. தமிழில் 'இருந்தது' என்று வந்தால் பெரும்பாலும் தெனீய. 'வந்தது', 'பிறந்தது', 'கிடைத்தது' என்று ஒரு நிகழ்ச்சியாக வந்தால் தூவெ.

குவாந்தொ யமாஸ்தெ, தெனீய ஃபியேப்ரெ. நீ கூப்பிட்டபோது எனக்குக் காய்ச்சலாக இருந்தது.
தெனீய உன் ஈஹொ. அவளுக்கு ஒரு மகன் இருந்தான்.
தூவொ உன் ஈஹொ. அவளுக்கு ஒரு மகன் பிறந்தான்.

வயசு பெரும்பாலும் தெனீய பக்கம்தான். 'அப்போது எனக்குப் பத்து வயசு' என்றால் 'தெனீய தியேஸ் ஆன்யொஸ்'. 

'கெ' சேர்த்தால் 'வேண்டும்' என்ற பொருள் வரும், 'தெங்கொ கெ இர்' என்றால் நான் போக வேண்டும். இறந்தகாலத்தில் மறுபடியும் அதே வேறுபாடு. 'தூவெ கெ இர்' என்றால் போக வேண்டியதாகிவிட்டது, போயும்விட்டேன். 'தெனீய கெ இர்' என்றால் போக வேண்டியிருந்தது, போனேனா இல்லையா என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும்.

படி 4: எதிர்காலம், தென்றலை நினையுங்கள்

தென்றே, தென்றாஸ், தென்றா, தென்றேமொஸ், தென்றேய்ஸ், தென்றான்.

'தென்றல்' என்பதில் வரும் அதே 'ன்ற'. பழைய ஸ்பானிஷில் 'தெனேர்' என்ற முழு வினையோடு 'ஏ' என்ற துணைவினையைச் சேர்த்துத்தான் எதிர்காலம் சொன்னார்கள். அது தேய்ந்து நடுவில் உள்ள உயிர் விழுந்தது, 'ன்' ஒலியும் 'ர்' ஒலியும் அடுத்தடுத்து வந்தன, இரண்டுக்கும் நடுவே நாக்கு தானாகவே ஒரு 'ட்' ஒலியைப் போட்டுக்கொண்டது. 'என்றான்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், உங்கள் நாக்கும் அதையேதான் செய்கிறது. 'வெனீர்' (வருதல்) என்ற வினைக்கு 'வென்றே', 'பொனேர்' (வைத்தல்) என்ற வினைக்கு 'பொன்றே' என்று இதே வழிதான்.

இந்தக் காலத்துக்கு இன்னொரு பயன் இருக்கிறது. யாரையோ பார்த்து, 'அவருக்கு நாற்பது வயசு இருக்கும்' என்கிறோம். வடிவம் எதிர்காலம், ஆனால் சொல்வது இன்றைய ஊகம். ஸ்பானிஷிலும் அப்படியே: தென்றா குவரேந்த்த ஆன்யொஸ். பாடப்புத்தகங்களில் இது கடைசிப் பக்கங்களில் சிறப்பு விதியாக வரும். நமக்கு இது வீட்டுப் பேச்சு, முதல் நாளிலிருந்தே தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

அதே 'தென்ற்' பகுதியில் தெனீயவின் விகுதியை ஒட்டினால் நிபந்தனை வடிவம்: தென்றீய, தென்றீயஸ், தென்றீய, தென்றீயமொஸ், தென்றீயய்ஸ், தென்றீயன். 'அப்போது அவருக்கு நாற்பது வயசு இருந்திருக்கும்' என்பதற்கும் இதுதான்: தென்றீய குவரேந்த்த ஆன்யொஸ்.

படி 5: சப்ஜங்க்டிவ், புதிதாக எதுவும் இல்லை

நடந்ததைச் சொல்லாமல் ஆசையையும் கற்பனையையும் சொல்கிற வினை வடிவம் இது. பெயரைக் கேட்டாலே பலர் பயப்படுகிறார்கள். ஆனால் பகுதிகள் இரண்டும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன.

'தெங்கொ'வில் கடைசி உயிரை எடுத்துவிட்டு: தெங்க, தெங்கஸ், தெங்க, தெங்காமொஸ், தெங்காய்ஸ், தெங்கன். ஆசை, கவலை, வேண்டுதல் எல்லாம் இதில் வரும். 'எஸ்பேரொ கெ நொ தெங்கஸ் ஃபியேப்ரெ', உனக்குக் காய்ச்சல் இருக்கக் கூடாதே என்று நினைக்கிறேன்.

'துவியேரொன்' என்பதில் 'ரொன்' போய் 'ர' வந்தால்: துவியேர, துவியேரஸ், துவியேர, துவியேரமொஸ், துவியேரய்ஸ், துவியேரன். நடக்காததை 'இருந்தால்' என்று கற்பனை செய்யும்போது இது. 'ஸி துவியேர ஃபியேப்ரெ, நொ இரீய', எனக்குக் காய்ச்சல் இருந்தால் போகமாட்டேன். 'ஸி'க்குப் பக்கத்தில் 'தென்றீய' போடாதீர்கள். ஸ்பெயினின் வடக்கே சில பகுதிகளில் பேச்சில் அப்படிக் கேட்கலாம், ஆனால் தேர்வில் தவறு என்றுதான் திருத்துவார்கள்.

கட்டளைக்கு வெறும் 'தென்'. 'தென் குயிதாதொ' என்றால் பார்த்து, பத்திரம். வேண்டாம் என்று சொல்லும்போது 'நொ தெங்கஸ்'. 'நொ தெங்கஸ் மியேதொ', பயப்படாதே.

முடிந்த வினையெச்சம் மாதிரி வருகிற 'தெனீதொ' ஒழுங்கானது. ஏ தெனீதொ, ஆஸ் தெனீதொ, ஆ தெனீதொ என்று துணைவினைதான் மாறும். இன்று காலையில் நடந்ததைச் சொல்ல மாட்ரிட்டில் 'ஏ தெனீதொ' என்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் அதற்கும் 'தூவெ' போதும்.

படி 6: குடும்பத்தையே பிடியுங்கள்

தெனேருக்கு முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிற வினைகள் நிறைய. ஒப்தெனேர் (பெறுதல்), மன்த்தெனேர் (பராமரித்தல்), கொன்த்தெனேர் (உள்ளடக்குதல்), ஸொஸ்தெனேர் (தாங்குதல்). எல்லாம் அதே வழி: ஒப்தெங்கொ (இங்கே மட்டும் அழுத்தம் 'தெங்' மேல்), ஒப்தியேனெஸ், ஒப்தூவெ, ஒப்தென்றே. ஸ்பானிஷ் செய்தி வாசிக்கத் தொடங்கினால் 'ஒப்தூவொ' (பெற்றார்), 'மன்த்தூவொ' (தக்கவைத்தார்) என்று அடிக்கடி கண்ணில் படும். 'துவ்' தெரிந்தால் அகராதி தேவைப்படாது.

பயிற்சி

கீழே உள்ளவற்றை மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள். எழுத வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு நேரம் இல்லை. நேற்று நாங்கள் வேலை செய்ய வேண்டியதாகிவிட்டது. அப்போது அவளுக்கு ஏழு வயசு. அவருக்கு அறுபது வயசு இருக்கும். உன்னிடம் பணம் இருந்தால் என்ன செய்வாய்?

விடைகள்:

நொ தெங்கொ தியேம்பொ.
அயேர் துவீமொஸ் கெ த்ரபஹார்.
தெனீய ஸியேத்தெ ஆன்யொஸ்.
தென்றா ஸெஸேந்த்த ஆன்யொஸ்.
ஸி துவியேரஸ் தினேரொ, கே அரீயஸ்?

கடைசி வாக்கியத்தில் வருகிற 'அரீயஸ்', 'அஸேர்' (செய்தல்) என்ற இன்னொரு ஒழுங்கற்ற வினையின் நிபந்தனை வடிவம். அதன் பகுதி இங்கே 'அர்' ஆகச் சுருங்கியிருக்கிறது, விகுதி மட்டும் 'தென்றீயஸ்' என்பதில் வந்த அதே 'ஈயஸ்'.