உவமையா, உருவகமா? அம்மாயி பேச்சிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்

இலக்கியம் எடுத்துப் படிக்க வந்த முதலாண்டுப் பிள்ளைகள் அணிகளின் (உவமை, உருவகம் மாதிரிச் செய்யுளுக்கு அழகு சேர்ப்பவற்றின்) பெயர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பெயர் தெரியும், ஆனால் பாட்டில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் தடுமாறுவார்கள். முதலில் வாக்கியத்தைப் பாருங்கள், பெயர் அப்புறம் வரட்டும்.

படி 1: உருபைத் தேடுங்கள்

"பையன் சோளத்தட்டாட்டம் வளந்துட்டானுங்க" என்று எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) பக்கத்து வீட்டில் சொல்லும். இதில் பையன் உவமேயம், சோளத்தட்டு உவமை, ஒல்லியாக நெடுநெடுவென்று நிற்பது இரண்டுக்கும் பொதுத்தன்மை, இவற்றைச் சேர்த்துக் கட்டுகிற 'ஆட்டம்' ('போல' என்று பொருள்) உவம உருபு. ஈரோடு, கோயமுத்தூர்ப் பக்கம் நாள் முழுக்க நம் வாயில் புழங்குகிற சொல். நன்னூல் போல, புரைய, ஒப்ப என்று 12 உருபுகளை அடுக்கிவிட்டு 'பிறவும்' என்றும் சொல்கிறது. அந்தப் 'பிறவும்' வழியாக நம்மூர் 'ஆட்டம்' தாராளமாக உள்ளே வரும்.

படி 2: எது பொது என்று கேளுங்கள்

மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். தொல்காப்பியம் உவமை தோன்றும் இடங்கள் நான்கு என்கிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போலக் கொடுக்கும் கை என்றால் பயன். உடுக்கை போன்ற இடை மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் உரு, அதாவது நிறம். குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்று வருகிறதே, அதில் எது பொது? செம்புலம் என்றதைப் பார்த்தவுடன் 'நிறம்' என்று எழுதிவிடாதீர்கள். மேட்டுக்காட்டுச் செம்மண்ணில் நல்ல மழை பெய்து ஓடும்போது போய் ஒரு கை அள்ளிப் பாருங்கள், எது மண், எது தண்ணீர் என்று விரல்களுக்குள் பிரிக்கவே முடியாது. பாட்டு பேசுவது அந்தக் கலப்பை. அதனால் இது வினையுவமை. இந்த உவமையின் பெயரிலேயே புலவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம் என்றால் அதன் வலிமையை நினைத்துப் பாருங்கள்!

படி 3: திருப்பிப் போடுங்கள்

தேன்தமிழ் என்றால் தேன் போன்ற தமிழ். உருபு மறைந்திருக்கிறது, எனவே உவமைத்தொகை. தமிழ்த்தேன் என்றால் தமிழாகிய தேன், இரண்டையும் ஒன்றாகவே சொல்வதால் இது உருவகம். நடுவில் 'போன்ற' பொருந்துகிறதா, 'ஆகிய' பொருந்துகிறதா என்று பொருத்திப் பார்த்தால் போதும். மலர்முகம், முகமலர் இரண்டையும் நீங்களே செய்து பாருங்கள்.

எதுகை மோனைக்கு அதிக நேரம் வேண்டாம். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை (அகர, பகவன்). அவ்வளவுதான்.

சரி, இப்போது ஒரு குறள்:

'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்.'

பிறவியாகிய கடல், உருவகம். கடலைத் தாண்டத் தெப்பம் வேண்டுமே, அது எங்கே? இறைவன் அடிதான் தெப்பம், ஆனால் வள்ளுவர் அதை அப்படி உருவகப்படுத்தாமல் விட்டுவிட்டார். ஒரு பகுதியை மட்டும் உருவகமாக்கி மற்றதை நம்மிடம் விட்டுவிடுவதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர்.