வில்லும் நாணும்: தானாக நிற்கும் டென்ட் சட்டம் செய்வது எப்படி?

முளை அடிக்காமல், கயிறு கட்டாமல் நிற்கிற டென்டைப் பார்த்தால் கம்பிகள்தான் அதைத் தாங்குகின்றன என்று தோன்றும். பாதிதான் சரி. வளைத்த கம்பி எந்நேரமும் நிமிரப் பார்க்கும். அதன் இரண்டு நுனிகளும் வெளிப்பக்கம் ஓடத் துடிக்கும். ஓடவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது தரைத்துணி. கம்பி வில், தரைத்துணி நாண்.

இரண்டு வில்கள் உச்சியில் குறுக்கே கடக்கும் எளிய சட்டம் ஒன்றைச் செய்வோம். தரை 2.10 × 1.40 மீட்டர், உயரம் சுமார் 1.10 மீட்டர். ஒருவர் தாராளமாகப் படுக்கலாம்.

படி 1: பொம்மை

கம்பியை வெட்ட அவசரப்படாதீர்கள். பத்தில் ஒரு பங்கு அளவில், அட்டையில் 21 × 14 செ.மீ. செவ்வகம் வரையுங்கள். மூலைவிட்டம் 25.2 செ.மீ. வரும். நீளமான கேபிள் டை (வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) ஒன்றின் நுனிகளை எதிரெதிர் மூலைகளில், சற்று லூசான துளைகளில் செருகுங்கள். உச்சி 11 செ.மீ. உயரத்துக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். நீளம் 35-க்கும் 36-க்கும் இடையே நிற்கும். 36 என்றே வைத்துக்கொள்வோம். நிஜக் கம்பி 3.60 மீட்டர். ஈர்க்குச்சி இதற்கு உதவாது. ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருப்பதால் வளைவு கோணிக்கொள்ளும்.

படி 2: துண்டு போடுதல்

நான் முதலில் செய்த சட்டத்தில் சொதப்பியது இங்கேதான். ஒவ்வொரு கம்பியையும் எட்டுத் துண்டாக்கினேன். இரட்டைப்படை என்றால் ஓர் இணைப்பு சரியாக நடுவில் விழும். அதாவது இரண்டு கம்பிகளும் கடக்கிற உச்சியில். துண்டுகளை இணைக்கும் உலோக உறைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி, உச்சி தட்டையாகிப் போனது. ஒற்றைப்படையாகவே வெட்டுங்கள்: கம்பிக்கு 40 செ.மீ. வீதம் 9 துண்டு.

8.5 மி.மீ. உள்ளீடற்ற ஃபைபர் கம்பி போதும். அறுக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், மாஸ்க் கட்டாயம். அந்தத் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகவே கூடாது.

படி 3: உறையும் எலாஸ்டிக்கும்

8 செ.மீ. உலோக உறையில் பாதியை ஒரு துண்டின் முனையில் எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள். மறுபாதி காலி, அடுத்த துண்டு அதில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கடைசித் துண்டுக்கு உறை தேவையில்லை. எபாக்ஸி நன்றாக இறுகிய பிறகு, உள்ளே 3 மி.மீ. எலாஸ்டிக் கயிற்றைக் கோத்துவிடுங்கள். முடிச்சு போக, கம்பி நீளத்தில் முக்கால் பங்கு, அதாவது 2.70 மீட்டர். அதைவிட நீளமானால் துண்டுகள் தொளதொளக்கும்; குட்டையானால் மடிக்கவே வராது. இரண்டு முனைகளிலும் ஆணி போன்ற முனைக்கட்டையைப் பொருத்தி முடிச்சிடுங்கள்.

படி 4: நாண்

துணி தைப்பதற்கு முன் நைலான் பட்டையில் சோதித்துவிடலாம். சுற்றுக்கு நான்கு (2.10 இரண்டு, 1.40 இரண்டு), குறுக்கே 2.52 மீட்டரில் இரண்டு. நான்கு மூலைகளிலும் ஐலெட் (உலோக வளையம் வைத்த துளை) அடியுங்கள். மூலைவிட்டப் பட்டைகள் மட்டும் போதாதா என்றால், போதாது. இரண்டு வில்களும் கத்தரிக்கோல் மாதிரி மூடிக்கொள்ளும். சுற்றுப்பட்டைதான் அதைத் தடுக்கிறது.

படி 5: நிறுத்துதல்

கம்பிகளைத் தரையில் குறுக்காகப் போட்டு, ஒரு பக்க நுனிகளை ஐலெட்டில் செருகுங்கள். அப்புறம் எதிர்முனையை மெதுவாகத் தள்ளினால் வில் எழும். உச்சியைக் கயிற்றால் கட்டிவிட்டு, ஒரு கையால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். சட்டம் முறுகினால் ஏதோ ஒரு பட்டை தளர்ந்திருக்கிறது.

தானாக நிற்கும் என்பதால் காற்றிலும் நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள்; ஆள் இல்லாத டென்ட் உருண்டு போய்விடும், முளை அடிக்கத்தான் வேண்டும். விறைப்பு போதவில்லை என்றால் கம்பியைத் தடிமனாக்கலாம். 8.5-க்குப் பதில் 9.5 மி.மீ. போட்டாலே விறைப்பு ஒன்றரை மடங்கு ஆகும். இன்னும் நல்ல வழி, மூன்றாவது கம்பி. கடக்கும் இடங்கள் கூடக்கூட, தாங்கலில்லாத நீளம் குறையும். 1975-ல் நார்த் ஃபேஸ் நிறுவனம் வெளியிட்ட ஓவல் இன்டென்ஷன் என்ற ஜியோடெசிக் (கம்பிகள் பல இடங்களில் கடந்து வலைபோல் நிற்கும்) டென்டின் சூட்சுமமும் அதுதான்.

மடிக்கும்போது நுனியிலிருந்து தொடங்காமல் நடுத்துண்டிலிருந்து தொடங்குங்கள். எலாஸ்டிக் இரண்டு பக்கமும் சமமாக இழுபடும்.