முழங்கால் எம்ஆர்ஐயில் லிகமென்ட் கிழிசலைக் கண்டுபிடிப்பது எப்படி

ஒரேயொரு சஜிட்டல் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும் தளம்) ஸ்லைஸைப் பார்த்து, முழங்காலின் முன் குறுக்கு லிகமென்டான (எலும்புகளை இணைக்கும் நார்ப்பட்டை) ஏசிஎல் அறுந்துவிட்டதென்று ரிப்போர்ட் எழுதிவிடக் கூடாது. அது மூட்டுக்குள் சரிவாக ஓடுகிறது. பாதி ஒரு ஸ்லைஸிலும் மீதி அடுத்ததிலும் விழும்போது, நல்ல லிகமென்ட்கூட அறுந்ததுபோலத் தெரியும்.

படம் எடுக்கும்போதே கவனம் வேண்டும். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய் கிளிப், கண்ணில் இரும்புத்துகள் உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் காயிலின் (சிக்னலைப் பிடிக்கும் சுருள்) நடுவில் மூட்டு அமையும்படி வையுங்கள். கால் 10 முதல் 15 டிகிரி மடங்கியிருந்தால் ஏசிஎல்லின் மேல்முனை தெளிவாக வரும். காலைச் சுற்றி மெத்தைத் துண்டுகளைச் செருகினால் அசையாது. ஸ்லைஸ் தடிமன் 3 மி.மீ., பார்வைப் பரப்பு 14 முதல் 16 செ.மீ. கொழுப்பு சிக்னலை அடக்கிய பிடி (புரோட்டான் அடர்த்தி) சீக்வென்ஸ், அதாவது நீரை வெளுப்பாகக் காட்டும் படமுறை, சஜிட்டல், கொரோனல் (முன்னிருந்து பார்ப்பது), ஆக்சியல் (குறுக்குவெட்டு) ஆகிய மூன்று தளங்களிலும் வேண்டும். கொழுப்பை வெளுப்பாகக் காட்டும் டி1 படம் ஒரு தளத்தில் போதும். லிகமென்டுக்காக மட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை.

சஜிட்டலில், தொடையெலும்புப் பள்ளத்தின் கூரையான புளூமென்சாட் கோட்டைப் பாருங்கள். நல்ல ஏசிஎல் அதற்கு இணையாகவோ, அதைவிடச் செங்குத்தாகவோ நிற்கும். சரிந்து படுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து ஆக்சியல், கொரோனல் படங்களில் மேல்முனையைத் தேடுங்கள். பள்ளத்தின் வெளிப்பக்கச் சுவரில் லிகமென்ட் இருக்கவேண்டிய இடத்தில் நீர் மட்டும் வெளுத்துத் தெரிந்தால், அது அங்கிருந்து பிய்ந்திருக்கிறது.

துணை அடையாளங்களும் உண்டு. தொடையெலும்பின் வெளிப்பக்கக் குமிழின் நடுவிலும், கீழ்க்கால் எலும்பின் வெளிப்பக்கப் பின்விளிம்பிலும் ஒருசேர எலும்புக் கன்றல் (அடிபட்டு எலும்புக்குள் வரும் வீக்கம்) இருந்தால், முழங்கால் முறுக்கிக்கொண்டு நழுவியிருக்கிறது. கீழ்க்கால் எலும்பு 7 மி.மீ.க்கு மேல் முன்தள்ளியிருப்பதும் வலுவான சான்று. ஆனால் இவை இல்லை என்பதால் கிழிசல் இல்லை என்றாகாது. கன்றல் சில மாதங்களில் மறைந்துவிடும். பழைய கிழிசலில் அறுந்த முனை, பின் குறுக்கு லிகமென்டான பிசிஎல்லோடு ஒட்டி வளர்ந்து, முழு லிகமென்ட்போல ஏமாற்றும்.

எதிர்த்திசையில் ஏமாற்றுவது, இழைகளுக்கிடையில் சளிபோன்ற பொருள் சேரும் மியூகாய்டு சிதைவு. ஏசிஎல் தடித்து வெளுத்திருக்கும், ஆனால் இழைகள் நுனிமுதல் நுனிவரை அறாமல் ஓடும். அடிபடாத, நழுவாத முழங்காலில் இதைக் கிழிசல் என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

பிசிஎல் சீராகக் கறுத்து, ஹாக்கி மட்டைபோல வளைந்திருக்கும். அது பெரும்பாலும் துண்டாகாமல் உள்ளுக்குள் நைந்து தடிக்கும். முன்பின் தடிமன் 7 மி.மீ.யைத் தாண்டினால் கிழிசலை நினையுங்கள். குறுகிய டிஇயில் (எக்கோ நேரம், அதாவது சிக்னலைப் பதிவுசெய்யக் காத்திருக்கும் நேரம்) மட்டும் அதன் ஒரு பகுதி வெளுத்தால், அது காந்தப்புலத்துக்கு 55 டிகிரியில் ஓடுவதன் விளைவாக இருக்கலாம். டிஇ நீண்ட டி2 படத்தில் மறைகிறதா என்று பாருங்கள்.

உள்பக்க லிகமென்டான எம்சிஎல்லுக்குக் கொரோனல் படத்தைப் பாருங்கள். சுற்றிலும் நீர்க்கோர்ப்பு மட்டும் என்றால் முதல் நிலை, இழைகள் பகுதியாக அறுந்தால் இரண்டாவது, முழுதும் அறுந்தால் மூன்றாவது.

எளிதில் தப்பிவிடுவது, முழங்காலின் பின்பக்கமும் வெளிப்பக்கமும் சேரும் பின்வெளி மூலைதான். வெளிப்பக்க லிகமென்டான எல்சிஎல் ஒரே கொரோனல் ஸ்லைஸில் அடங்காது. தொடையெலும்பிலிருந்து ஃபிபுலா (கீழ்க்காலின் வெளிப்பக்க மெல்லெலும்பு) தலைவரை ஆக்சியலில் ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பின்தொடருங்கள். முழங்காலின் பின்புறத் தசையான பாப்லிடியஸின் தசைநாணையும், ஃபிபுலா நுனியில் எலும்புச் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்பதையும், ஃபிபுலா தலையை ஒட்டி ஓடும் பெரோனியல் நரம்பையும் தவறாமல் பார்த்து எழுதுங்கள். இந்த மூலையைச் சரிசெய்யாமல் ஏசிஎல்லை மட்டும் புதிதாகப் பொருத்தினால், சுமையெல்லாம் கிராஃப்ட் (பொருத்திய மாற்று லிகமென்ட்) மீது ஏறி அதுவும் பழுதாகும்.